கண்ணில் விட்ட சொட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் ஒருவன் நலம். அங்கே நீயும் மகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பார். அவருக்கு என்ன குறை, சமைத்துப் போட மாமியார் கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. போனை ஏன் எடுப்பதில்லை என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். சொன்ன காரணம்தான். நீங்கள் அதைக் கூடத்து மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டி, குடும்பமே சுற்றி உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள். நான் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மாப்பிள்ளை நடுவில் தலையை நீட்டி, "என்ன மாமா, தனிக்காட்டு ராஜா, ஜாலியா?" என்கிறார். எனக்கு ராஜாவாகவும் இஷ்டமில்லை, ஜாலியாகவும் இஷ்டமில்லை. கடிதம் என்றால் சொல்ல வந்ததை முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரமாட்டார்கள். நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

வீடு அப்படியே இருக்கிறது. நீ போன அன்று எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்கிறது, மேலே தூசியோடு. மேல்வீட்டுக்காரர்கள் இன்னமும் நம் ஜன்னலுக்கு நேர் மேலேதான் தரைவிரிப்பை உதறுகிறார்கள். ஒருநாள் போய்ச் சொன்னேன். "காத்து உங்க பக்கம் அடிச்சா நாங்க என்ன சார் பண்றது?" என்று அந்த அம்மாள் சிரிக்கிறாள். காற்றின்மேல் வழக்குப் போட முடியாது என்ற தைரியம்.

கல்லூரியில் மகாராணியின் ஆட்சி நடக்கிறது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் துறைத் தலைவி ஆனாளே, அவளைத்தான் சொல்கிறேன். இந்தப் பருவத்தில் என் அறையை மூன்றாவது மாடிக்கு மாற்றிவிட்டாள். வேதியியல் ஆய்வுக்கூடம் அங்கேதானே இருக்கிறது, சாருக்கு வசதி என்று காரணம் சொன்னாள். சென்ற வருடம் நான் இருமியதைக் கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும், "சாருக்கு நெஞ்சு சரியில்லேன்னா சொல்லுங்க, லேப்லேருந்து விடுவிச்சு லைப்ரரி பொறுப்பு குடுத்துடறேன்" என்றவளும் அவள்தான். அன்று முடிவு செய்தேன், இனி என் இருமல் அவள் காதில் விழக்கூடாது என்று. ஆய்வுக்கூடத்தைப் பிடுங்கிக்கொண்டால் எனக்கு அங்கே வேறு என்ன மிச்சம்?

அதனால் மாடி ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், தீயணைப்பு வாளிகள் தொங்குகிற மூலையில் நின்று நீல இன்ஹேலரை இழுத்துக்கொள்கிறேன். வகுப்புக்கு நடுவே ரசாயனப் புட்டிகள் வைக்கிற அறைக்குள் போய் இன்னொரு தடவை. இறங்கும் முன் ஒரு தடவை. மூச்சிரைப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஆள் போல நடமாடுகிறேன்.

பழுப்பு இன்ஹேலரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நிறுத்திவிட்டேன். நீலத்தை இழுத்தால் நெஞ்சு திறக்கிறது, கண்கூடான பலன். பழுப்பை இழுத்தாலும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான். வாய் கொப்பளிக்கிற வேலை மிச்சம். நீ இருந்தவரை பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அதை எடுத்து வைப்பாய். எதற்குச் சண்டை என்று நானும் இழுப்பேன். இப்போது எடுத்து வைக்கவும் ஆளில்லை, சண்டைக்கும் ஆளில்லை.

இன்னொரு செய்தி. போன வாரம் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு அமில-கார அளவீடு செய்து காட்டினேன். கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து கடைசிச் சொட்டை விடுகிற நேரத்தில் விரல் ஆடிவிட்டது. இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. பின்வரிசையில் ஒருத்தி, "சார், தாண்டிடுச்சு சார்" என்றாள். எப்படிச் செய்யக்கூடாது என்று காட்டினேன் என்று சமாளித்தேன். நீலம் இழுத்த பின் கொஞ்ச நேரம் விரல் நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் உண்டுதான். ஆனால் இது கண் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. குழாயின் அளவுக் கோடு சரியாகத் தெரியவில்லை. கண் டாக்டரிடம் போனேன்.

கல்லூரிக் காப்பீட்டில் இருக்கிற ஒரே கண் டாக்டர் யார் என்று நினைக்கிறாய்? மகாராணியின் புருஷன். நல்ல மனிதர்தான், பாவம், அகப்பட்டுக்கொண்டார். பார்வை சரியாக இருக்கிறது, ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் அதிகம், கவனிக்காமல் விட்டால் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்றுவிடும் என்றார். தினமும் விடச் சொட்டு மருந்து எழுதினார். எழுதும் முன், "சுகர், பிரஷர், இதயக் கோளாறு, வீசிங், ஆஸ்துமா ஏதாவது உண்டா சார்?" என்று வரிசையாகக் கேட்டார். நான் ஏமாறுவேனா? இங்கே சொன்னால் அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் அவள் காதுக்குப் போய்விடும். "கல்லு மாதிரி இருக்கேன் டாக்டர்" என்றேன். "குடுத்து வச்சவர்" என்று எழுதிக் கொடுத்தார்.

பேரனின் உச்சந்தலையில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. அவனுக்கு என்னைத் தெரியாது என்றாலும் பரவாயில்லை.

வீட்டுக்குக் காவல் இருக்கும்,
உன் கணவன்


அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம்தான். கையெழுத்து ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, இந்தக் கடிதத்தைப் பார். எழுத்து நேராக நிற்கிறதா? விரல் நடுக்கம் தானாகவே குறைந்துவிட்டது. சொட்டு மருந்தின் புண்ணியமாகக்கூட இருக்கலாம்.

அந்தச் சொட்டு தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. கண்ணில் விட்டது நாக்குக்கு வருகிற விந்தையை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். காலையில் அதை விட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நெஞ்சைக் கயிறு கட்டி இறுக்குவது போல இருக்கிறது. எல்லாம் அந்த மேல்வீட்டு விரிப்புத் தூசி. ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டேன். அப்படியும் எந்த இடுக்கு வழியாகவோ உள்ளே வருகிறது.

நீலமும் முன்போலக் கேட்கவில்லை. முன்பெல்லாம் இழுத்துவிட்டுத் தீயணைப்பு வாளியில் எழுதியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் நெஞ்சு லேசாகிவிடும். இப்போது இழுத்து, காத்திருந்து, மறுபடி இழுத்து, மறுபடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் சரக்கைக் குறைத்துவிட்டார்கள் போல. எதில்தான் இந்தக் காலத்தில் கலப்படம் இல்லை?

மருந்துக் கடைக்காரன் அதிகப்பிரசங்கி. "இப்பத்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க, அதுக்குள்ள தீந்துடுச்சா? வீட்ல எத்தனை பேருக்கு ஆஸ்துமா?" என்றான். பெரிய குடும்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது மூன்று தெரு தள்ளி வேறு கடையில் வாங்குகிறேன். அவன் ஒன்றும் கேட்பதில்லை, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம், உடனே நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். அக்கறைக்கு நன்றி. அந்த அக்கறையை நீ விமானத்தில் ஏறும் முன் காட்டியிருக்கலாம். பிரசவம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். பிறகு குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாய். பிறகு மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்றாய். இப்போது அவன் தவழ ஆரம்பித்திருக்கிறான் என்று எழுதுகிறாய். அடுத்தது பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் பார்த்துவிட்டு வருவாயாக்கும். மகளுக்கு உதவி தேவைதான், நான் மறுக்கவில்லை. எனக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தால் சமைக்கப் பிடிப்பதில்லை. அடுப்பின் முன் நின்றால் மூச்சு வாங்குகிறது என்பதல்ல. ஒரு தட்டுக்காக என்ன சமையல் என்பதுதான். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். படுத்தால் சரிப்படவில்லை. உன் பக்கத்துத் தலையணையையும் எடுத்து முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன். நீ வந்து திட்டும்வரை அது நாற்காலியில்தான் இருக்கும்.

நாளை துறைக் கூட்டம். ஆய்வுக்கூடத்தில் புகை உறிஞ்சும் விசிறி ஓடி எத்தனை காலம் ஆயிற்று என்று எழுந்து கேட்கப் போகிறேன். இந்த முறை விடுவதாக இல்லை.

மகளுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், கட்டாயமில்லை.

உன் கணவன்


அன்புள்ள மனைவிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உனக்குச் செய்தி வந்திருக்கும். மகாராணியே உனக்குப் போன் செய்ததாகச் சொன்னாள். அவள் சொன்னது ஒரு கணக்கு, நடந்தது ஒரு கணக்காக இருக்கக்கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பயப்படாதே. அபாயம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

துறைக் கூட்டத்தன்று காலை சொட்டு விட்டுக்கொண்டு கிளம்பினேன். வாளி மூலையில் நீலத்தை இழுத்தேன். நடைபாதையில் மறுபடி இழுத்தேன். கூட்ட அறைக் கதவுக்கு வெளியே எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. விசிறியைப் பற்றிப் பேச எழுந்தேன். முந்தின நாளிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அது, மகாராணியை நிற்க வைத்து உரிக்கிற மாதிரி. மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை. நாலாவது வார்த்தைக்குக் காற்று இல்லை. "சாருக்குக் கோபத்துல பேச்சே வரலை" என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் கோபம் என்றே அவர்கள் நினைக்கட்டும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "சார், உதடு ஏன் இப்படி நீலமா இருக்கு? கையில என்ன?" என்றாள். என் விரலைப் பிரித்து நீல இன்ஹேலரை எடுத்துப் பார்த்தாள். பிறகு போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியே ஓடி வந்தது. நாற்காலியோடு தூக்கி என்னைக் கீழே இறக்கினார்கள். வாளி மூலையைத் தாண்டும்போது, இத்தனை நாள் ஒளித்து வைத்ததைக் கல்லூரி முழுவதும் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்களே என்றுதான் நினைத்தேன். சாகப்போகிறோம் என்று தோன்றவே இல்லை. அவமானம் அதற்கு இடம் விடவில்லை.

காரில் போகும்போது அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, எங்க சாருக்கு ஆஸ்துமான்னு உங்களுக்குத் தெரியுமா?" அவர் அலறியது பின்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. "சொல்லவே இல்லையே! கல்லு மாதிரி இருக்கேன்னாரே! நான் குடுத்த சொட்டு ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகவே ஆகாது. எமர்ஜென்சில முதல்ல அதைச் சொல்லு, அப்புறம்தான் மத்ததெல்லாம்." அவள் போய் முதலில் அதைத்தான் சொன்னாள். முகமூடி மாட்டி மருந்தைப் புகையாக்கிக் கொடுத்தார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். தாதி வந்து, கூட இருப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். "அவரோட சண்டைக்காரி" என்றாள் மகாராணி. முகமூடிக்குள் சிரிக்க முயன்று எனக்கு இருமல் வந்துவிட்டது.

டாக்டர் விளக்கிச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், தெரிந்து வைத்துக்கொள். கண்ணில் விடுகிற சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. சில கண் சொட்டுகள் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அது மட்டுமல்ல, நீலம் போய்த் திறக்க வேண்டிய பூட்டுக்குள் முறிந்த சாவி போல நுழைந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எத்தனை இழுத்தும் திறக்கவில்லை. விரல் நடுக்கம் குறைந்ததும் அதே அடைப்பினால்தானாம். வருடக்கணக்கில் பாடம் நடத்துகிற எனக்கு இது புரியாத விஷயமா? "லேப்ல ரெண்டு பாட்டிலைக் கலக்கறதுக்கு முன்னாடி லேபிள் படிப்பீங்கதானே சார்? உங்க உடம்பு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார். எந்த டாக்டரிடம் போனாலும், அது பல் டாக்டராக இருந்தாலும், ஆஸ்துமா இருப்பதையும் இழுக்கிற மருந்துகளையும் முதல் வாயில் சொல்ல வேண்டுமாம்.

பழுப்பு விஷயத்திலும் நீ ஜெயித்துவிட்டாய். மூச்சுக்குழாயின் உள் வீக்கத்தைத் தணிப்பது அதுதானாம். உடனே ஒன்றும் தெரியாதாம், தெரியவில்லை என்று நிறுத்தியவர்கள்தான் இங்கே அதிகம் வந்து படுக்கிறார்களாம். நீலம் மூச்சுத் திணறும்போது மட்டும். வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். இழுத்தும் அடங்கவில்லை, அடங்கிச் சில மணி நேரத்துக்குள் திரும்புகிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் இழுக்கிற முறையே தப்பு என்றும் சொல்லிவிட்டார். குலுக்காமல், மூச்சை முழுக்க வெளியே விடாமல், அவசரமாக இழுத்து உடனே விட்டுவிடுகிறேனாம். பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறதாம். இப்போது வாயில் வைத்துக்கொள்ள நீளமான பிளாஸ்டிக் குழல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மெதுவாக இழுத்து, உள்ளே நிறுத்தி, பிறகு விட வேண்டும்.

கண் டாக்டர் நேரில் வந்தார். நெஞ்சைத் தொடாத வேறு சொட்டு எழுதிக் கொடுத்தார். "நான் கேட்டேனே சார்" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. தப்பு யார் பேரில் என்று நீ சொல்லப்போகிறாய் என்று தெரியும். சொல்லிக்கொள், தடுக்க மாட்டேன்.

மகாராணி என் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டாள். ஆய்வுக்கூடம் என்னிடமேதான். ஓடாமல் கிடந்த லிப்டைப் பழுது பார்க்க ஆள் வந்தாயிற்று, விசிறியும் வருகிறதாம். இது கருணையா, பழிவாங்கலா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு நான் கடமைப்பட்டுவிட்டேனே, எனக்கு வந்த வியாதிகளிலேயே பெரிய வியாதி அதுதான்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு மனைவி, மச்சினன், மகன் என்று பிளாஸ்க்கும் கையுமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர் அவர்களை விரட்டுகிறார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். போனை எடுக்காததற்கு மாப்பிள்ளை காரணமில்லை. ஒரே வாக்கியத்தில் நீ கண்டுபிடித்துவிடுவாய். கல்யாணமான புதிதில் நான் சுவர்ப் பக்கம் திரும்பி மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாலும் நீ எழுந்து என் முதுகில் கை வைத்துப் பார்ப்பாய். காகிதத்தில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. அதனால்தான் எழுதினேன்.

உன் கணவன்


என் அன்பு மனைவிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். பழுப்பைக் காலையும் மாலையும் தவறாமல் இழுக்கிறேன். நீ வைக்கிற இடத்திலேயே நானே எடுத்து வைத்துக்கொள்கிறேன். வாயைக் கொப்பளிக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நேற்று ஆய்வுக்கூடத்துக்கு மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான், எங்கேயும் நிற்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இப்படித் தெரியாமல் வேலை செய்கிறவற்றை நான் இத்தனை வருடம் சரியாக மதிக்கவில்லை. இதை இதோடு விட்டுவிடுவோம்.

உடனே கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மகள் அழுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். குழந்தைக்குச் சளி, நெஞ்சில் கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். அதை முதலில் பார். நம் வீட்டு நெஞ்சு அவனுக்கும் வந்திருக்கலாம். டாக்டரிடம் தாத்தாவுக்கு ஆஸ்துமா என்று மறைக்காமல் சொல்லச் சொல். என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை. அவர் கொடுத்தால் தவிர, பழகின மருந்து என்று எதையும் நீயாகக் கொடுத்துவிடாதே.

எனக்காக அவனை விட்டுவிட்டு வர வேண்டாம். நான் சமாளிப்பேன். இந்த வயதில் தனியாக இருக்கிற மனிதன் உலகத்தில் நான் ஒருவனா?

அவனுக்குக் குணமாகி, மகளும் மனம் ஒப்பி, நீயாக வருவதென்று முடிவு செய்தால் ஒரு உபகாரம் செய். எந்த நாள் என்று மட்டும் எழுதாதே. எழுதினால் அன்றிலிருந்தே தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன், நாள் தள்ளிப் போனால் எனக்குத் தாங்காது. சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. எழுந்து வந்து திறக்க இப்போது எனக்கு மூச்சு இருக்கிறது.

குழந்தை நீண்ட ஆயுளோடும் நல்ல நெஞ்சோடும் இருக்கட்டும். நீயும்.

உன்,
இவர்